ஐந்து மேசைக்கணினிகளுக்கு ஈடாக ஐந்து மடிக்கணினிகளா? ஒரு தமிழ்ச் சபைக்கான பதில்

சபைச் செயலாளர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான். சிங்கப்பூரில் உள்ள அவர்களது தமிழ்ச் சபையில் ஐந்து மேசைக்கணினிகள் இருக்கின்றன. அலுவலகத்தில் ஒன்று, போதகர் அறையில் ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, ஞாயிறு பள்ளிக்கு ஒன்று, ஆராதனைக் கூடத்தில் திரைக்கும் நேரலைக்குமாக ஒன்று. ஐந்திலும் விண்டோஸ் 10. அடுத்த கணினிக் கண்காட்சியில் ஒரே மாதிரியான ஐந்து மடிக்கணினிகளை மொத்தமாக வாங்கிவிட்டால் விலையும் குறையும், பராமரிப்பும் எளிதாகும் என்று செயற்குழு கருதுகிறது. எந்த மாடலை வாங்கலாம்?

ஐயா, மாடலின் பெயர் கடைசியாக வரட்டும். எந்தக் கணினி ஆளோடு போக வேண்டும், எந்தக் கணினி இடத்தை விட்டு அசையவே கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் ஐந்தில் போதகருடையதும் ஞாயிறு பள்ளியுடையதும் உறுதியாக மடிக்கணினிகளாக வேண்டியவை. அலுவலகக் கணினி எப்படியும் இருக்கலாம். பொருளாளருடையதை மாற்ற நான் அவசரப்பட மாட்டேன். கூடத்துக் கணினியை மடிக்கணினியாக்குவதற்கு, கட்டடம் உங்கள் சொந்தமாக இருந்தால், நான் உடன்படவே மாட்டேன். ஐந்தும் ஒரே மாடலாக இருந்தால், ஏதோ ஒரு வேலைக்கு அது தேவைக்கு மிஞ்சியதாகவும் இன்னொரு வேலைக்குப் போதாததாகவும் அமையும். இரண்டுக்கும் காணிக்கைப் பணம்தான் போகிறது.

வாங்குவதற்கு முன் இருப்பவற்றைப் பாருங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. தனிநபர் கணினிகளுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். ஆகவே மாற்றம் தேவை என்பதில் செயற்குழு நினைப்பது சரி. ஆனால் மாற்றம் என்றால் புதிதாக வாங்குவது மட்டுமல்ல. இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருந்தால் பழைய கணினியே விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளும். அந்த மேம்பாடு இலவசம். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பாருங்கள், சில நிமிட வேலைதான். அதில் தேறும் கணினி மெதுவாக ஓடினால், பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் பழைய வன்தட்டு. அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு வட்டான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், ரேமையும் 16 ஜிபிக்கு உயர்த்தினால், பொருளாளரின் கணக்கு வேலைக்கு அது இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். பொருளாளர் மேசையில் பெரிய திரையும் எண்பலகையோடு கூடிய விசைப்பலகையும் இருப்பது அவருடைய கண்ணுக்கும் கைக்கும் நல்லது. காணிக்கைக் கணக்கு அறையை விட்டு வெளியே போகாமல் இருப்பது சபைக்கு நல்லது.

இனி ஆராதனைக் கூடம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனெனில் தவறாகத் தேர்ந்தெடுத்தால் முழுச் சபையும் பார்க்கும் இடம் இதுதான். அந்தக் கணினி பாடல் வரிகளையும் வசனங்களையும் பெரிய திரைக்கு அனுப்புகிறது. மேடையில் இருப்பவர்கள் பார்க்கும் சிறிய திரைக்கு அடுத்த வரியை அனுப்புகிறது. இயக்குபவருக்கு முன்னால் ஒரு திரை வேண்டும். ஆக மூன்று காட்சிகள், அவற்றில் இரண்டு வெளித்திரைகள். பல மடிக்கணினிகளில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ துளைதான் இருக்கிறது. மற்றதை யூஎஸ்பி-சி வழியே எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளைகளும் காட்சியை வெளியே அனுப்புவதில்லை, சில மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே. விவரத் தாளில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற சொல் அந்தத் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். மேக்புக் ஏர் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். எம்1, எம்2 சில்லு உள்ளவை ஒரே ஒரு வெளித்திரையைத்தான் நேரடியாகத் தாங்கும். எம்3 இரண்டைத் தாங்கும், ஆனால் மடிக்கணினியை மூடி வைத்தால்தான். எம்4இல்தான் மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு வெளித்திரைகள் கிடைத்தன. பழைய மேக்புக் ஏரை யாராவது அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தால், நன்றியோடு பெற்று ஞாயிறு பள்ளிக்குக் கொடுங்கள்.

நேரலையும் அதே கணினியில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேர ஆராதனை முழுவதும் படக்காட்சியைச் சுருக்கி அனுப்பிக்கொண்டே இருப்பது கடும் வேலை, அதில் வெப்பம் ஏறும். மெல்லிய மடிக்கணினி வெப்பம் ஏறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிரசங்கத்தின் நடுவில் ஒலியும் படமும் ஒத்துப்போகாமல் போவதற்கு இது ஒரு பொதுவான காரணம். செயலியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் யூ வகை வேறு, கடும் வேலைக்கான எச் வகை வேறு. மேசைக்கணினிக்கான சில்லு இரண்டையும் விடத் தாராளமாக மூச்சு விடும். நேரலைக்குப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் சுருக்கும் வேலையைச் செயலியிடம் விடாமல், அதற்கென்றே உள்ள வன்பொருள் பகுதிகளான என்விடியா அட்டையின் என்வென்க்கிடமோ இன்டெல்லின் குவிக் சிங்கிடமோ ஒப்படைத்தால் பாரம் வெகுவாகக் குறையும். இணையத்துக்கு வைஃபை வேண்டாம், கம்பி இழுத்துவிடுங்கள்.

அதனால் சொந்தக் கட்டடம் என்றால், கூடத்தின் ஒலிப்பதிவு மேசைக்கு அடியில் ஒரு மேசைக்கணினி அல்லது சிறு மினி பிசி. அதைப் பூட்டி வையுங்கள், அசைக்காதீர்கள். ப்ரொஜெக்டருக்குப் போகும் கேபிளையும் ஒலி மிக்சரின் யூஎஸ்பி கம்பியையும் வாரந்தோறும் யாரும் பிடுங்கிச் செருகாமல் இருப்பதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 15 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வரலாம். கூடம் நீளமாக இருந்தால் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளோ, கேட்6 வகை இணையக் கம்பி வழியே அனுப்பும் எச்டிபேஸ்டி கருவியோ தேவைப்படும். கணினியை மாற்றும்போதே இதற்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். புதுக் கணினி வாங்கியும் படம் துடிக்கிறதே என்று வருந்தும் சபைகளில் பழுது பலமுறை கேபிளில்தான் இருந்திருக்கிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நம் ஊரில் அது பெரிய விதிவிலக்கு. பல தமிழ்ச் சபைகள் ஒரே கட்டடத்தை ஆங்கில, சீனச் சபைகளோடு பகிர்ந்துகொள்கின்றன. காலையில் அவர்கள், பிற்பகலில் நாம். சிலர் வாடகை மண்டபத்தில் கூடுகிறார்கள். நடுவில் கிடைக்கும் சொற்ப நேரத்தில் எல்லாவற்றையும் இணைக்க வேண்டியவர்களுக்கு மடிக்கணினிதான் சரி. ஆனால் அது அலுவலக வகையாக இருக்கக் கூடாது. எச் வகைச் செயலி, தனிக் காட்சி அட்டை, எச்டிஎம்ஐ ஒன்று, காட்சி அனுப்பும் யூஎஸ்பி-சி ஒன்று, முடிந்தால் கம்பி இணையத் துளை என்று விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்படும் கனத்த இயந்திரத்தைத் தேடுங்கள். ஒரே யூஎஸ்பி பெட்டியில் எல்லாத் திரைகளையும் இணைக்கலாம் என்று விற்கப்படும் டிஸ்ப்ளேலிங்க் வகைப் பெட்டிகள் அலுவலக வேலைக்குப் பரவாயில்லை. அவை காட்சியைக் கணினியின் செயலியைக் கொண்டே சுருக்கி அனுப்புவதால், நேரலை ஓடும் கணினிக்கு ஏற்றவை அல்ல.

எந்தக் கணினியானாலும் கூடத்தில் ஓடுவதற்கு "ஆராதனை" என்ற பெயரில் தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அதில் வாட்ஸ்அப் இருக்கக் கூடாது, மின்னஞ்சல் இருக்கக் கூடாது, அறிவிப்புகள் அணைந்திருக்க வேண்டும். மூடியை மூடினால் உறங்கிவிடும் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். விண்டோஸ் மேம்பாடுகளைச் சனிக்கிழமைக்கு முன்பே முடித்து, ஞாயிற்றுக்கிழமை மறுதொடக்கம் கேட்காதபடி நிறுத்தி வையுங்கள்.

அடுத்தது எழுத்துரு. தமிழ்ச் சபைக்கென்று தனியாக உள்ள இந்தச் சிக்கலைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பழைய கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடல் கோப்புகள் இருக்கும். அவற்றில் ஒரு பகுதி பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அந்தக் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் வரும். 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த அடுத்த மாநாடும் கூடிப் பேசியது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். இன்று எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு அதைத் தீர்த்துவிட்டது. ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறுவதில்லை. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கணினிகள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க, தமிழ் நன்றாகத் தெரிந்த மூத்த உறுப்பினர் ஒருவரை உட்கார வையுங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது கருவியின் கண்ணில் படாது, அவர் கண்ணில் படும்.

யூனிகோடில் உள்ள கோப்புகளுக்கும் ஒரு சங்கடம் உண்டு. பழைய விண்டோஸில் பலர் லதா எழுத்துருவில் ஸ்லைடுகள் செய்தார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில்தான் இருக்கின்றன; உடனிருப்பது நிர்மலா யூஐ. லதா இல்லாத கணினியில் அதே ஸ்லைடு வேறு அகலத்தில் விரிந்து, வரி உடைந்து, கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய்விடும். அமைப்புகளுக்குள் சென்று அந்தத் தொகுப்பை நிறுவிவிடுங்கள், அல்லது இனி எல்லாவற்றையும் நிர்மலாவிலோ நோட்டோ சான்ஸ் தமிழிலோ செய்வதென்று முடிவெடுங்கள். சபைக்கு ஒரே எழுத்துரு என்பது என் விருப்பம்.

திரைக்கான மென்பொருளையும் இதோடு சோதியுங்கள். ஈசிவொர்ஷிப் விண்டோஸுக்கானது. ப்ரோபிரசன்டர் மேக்கிலும் விண்டோஸிலும் ஓடும். ஓபன்எல்பி இலவசம், லினக்ஸிலும் ஓடும். எதுவானாலும் காசு கொடுப்பதற்கு முன் "கொ", "போ", "கௌ", "ஸ்ரீ" ஆகிய எழுத்துகள் உள்ள ஒரு பாடலை ஏற்றிப் பெரிய திரையில் பாருங்கள். கொம்பு எழுத்தின் தவறான பக்கத்தில் நின்றால் அந்தப் பதிப்பு நமக்கு ஆகாது. நம் பிள்ளைகள் பலர் தமிழில் பாடுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்கத் தடுமாறுவார்கள். அவர்களுக்காகத் தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில எழுத்திலும் அதே வரியைக் காட்டும் சபைகள் இருக்கின்றன. அப்படிக் காட்டுவதை நான் மனதார வரவேற்கிறேன். அதற்கு இரு மொழிப் பகுதிகளையும் தனித்தனி அளவில் வைக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

போதகரின் மடிக்கணினிக்கு வருவோம். அவர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குப் போகிறார், மருத்துவமனைக்குப் போகிறார், வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் நம் சகோதரர்களோடு கூடி ஜெபிக்கிறார், இடையே எம்ஆர்டி ரயிலில் பயணம் செய்கிறார். அவருக்கு எடைதான் முதன்மை. ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பதினான்கு அங்குலத் திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி போதும். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்ட மாடல்கள் இப்போது அதிகம், பின்னால் கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி-சி வழியே மின்னேற்றும் மாடலாக இருந்தால் தொலைபேசிக்கும் கணினிக்கும் ஒரே சார்ஜரைக் கொண்டுபோகலாம். தமிழ்நாட்டுக்கோ இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கோ ஊழியப் பயணம் போகும்போது கைப்பை இலகுவாகும். விமானத்தில் மடிக்கணினியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் அவர் அந்தச் சிறு திரையைக் குனிந்து பார்த்துப் பிரசங்கம் தயாரிக்கக் கூடாது. பழைய மேசைக்கணினியின் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு மடிக்கணினியை அவற்றோடு இணைத்துக் கொடுங்கள். நாள் முழுவதும் மின்சாரத்தில் செருகியபடியே இருக்கும் மடிக்கணினியின் பேட்டரி விரைவில் தேயும், சில வேளைகளில் உப்பியும்விடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 80 விழுக்காட்டில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பைத் தருகிறார்கள். அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ் 99, அஞ்சல் என இரு விசைப்பலகைகளும் விண்டோஸிலும் மேக்கிலும் உடன் வருகின்றன. போதகருக்குப் பழகியது எதுவோ அதை அமைத்துக் கொடுங்கள். இந்த வயதில் அவரைப் புதிதாகப் பழகச் சொல்ல வேண்டாம்.

ஞாயிறு பள்ளிக்குப் புதிது வேண்டாம். நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலிட்புக் வகை மடிக்கணினிகள் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. உடல் உறுதியானது, விசைப்பலகை நல்லது, பிள்ளைகள் கைபட்டாலும் தாங்கும். செயலி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆனதா, பேட்டரி மாற்றப்பட்டதா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். குரோம்புக் மலிவாகத் தெரியும், ஆனால் அதில் உங்கள் திரை மென்பொருள் ஓடாது. ஸ்னாப்டிராகன் சில்லு கொண்ட புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பேட்டரி விஷயத்தில் அருமையானவை. ஆனால் உங்கள் பழைய அச்சுப்பொறிக்கும் ஒலிக் கருவிக்கும் அந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்ட இயக்கி மென்பொருள் வேண்டும். அது இருக்கிறதா என்று தெரியாமல் அலுவலகத்துக்கு வாங்காதீர்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் பணத்தைப் பற்றியவை. மனிதரைப் பற்றியது ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகக் கவலை. மேசைக்கணினி அறையில் பூட்டிக் கிடந்தது. மடிக்கணினி பஸ்ஸில் ஏறுகிறது, உணவங்காடி மேசையில் இருக்கிறது, தொண்டூழியர் வீட்டில் அவர் பிள்ளை கையில் கிடைக்கிறது. அதற்குள் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, குடும்பப் பிரச்சினையோடு போதகரிடம் வந்து அழுதவர்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நீங்கள் நியமித்திருக்க வேண்டும். 500 பேருக்கோ அதற்கு மேலோ பாதிப்பு ஏற்படும் தகவல் கசிவு என்றோ, கடும் பாதிப்பு விளைவிக்கக்கூடியது என்றோ மதிப்பிட்டுவிட்டால், மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உறுப்பினர் படிவங்களில் பழைய வழக்கப்படி அடையாள அட்டை எண்கள் இருந்தால், 2019 செப்டம்பர் 1 முதல் அவற்றைச் சட்டத் தேவையின்றிச் சேகரிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. புதுக் கணினிக்கு மாற்றும்போது அவற்றையும் மாற்றிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே நீக்கிவிடுங்கள்.

எனவே ஒவ்வொரு மடிக்கணினியிலும் முழு வட்டுக் குறியாக்கம், அதாவது உரியவரைத் தவிர வேறு யாரும் வட்டில் உள்ளதைப் படிக்க முடியாதபடி பூட்டுவது, கட்டாயம். விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். அதனால் விண்டோஸ் ஹோமுக்குப் பதில் ப்ரோ வாங்குங்கள். மீட்புச் சாவியை அச்சிட்டுச் சபையின் பெட்டகத்தில் வையுங்கள், தொண்டூழியரின் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். கணினி சபையின் சொத்து, ஊழியப் பொறுப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம் சபைகளில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முதலில் போதகரும் மூப்பர்களும் கையெழுத்திட்டால் மற்றவர்களுக்குக் கூச்சம் இராது.

கண்காட்சியில் வாங்குவதைப் பற்றி: பையும் சுட்டியும் அச்சுப்பொறியும் இலவசம் என்ற சலுகைகள் பெரும்பாலும் வீட்டுப் பயனர்களுக்கான மாடல்களில் வரும். நிறுவனங்களுக்கான வரிசைகளில் மூன்றாண்டு உத்தரவாதத்தையும், ஆள் நேரில் வந்து பழுதுபார்க்கும் சேவையையும் கேட்டுப் பெறலாம். வெள்ளிக்கிழமை பழுதானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் வருவார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். விலைப்பட்டியலில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒப்பிடுங்கள்.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் போதகருடையது, பின்பு ஞாயிறு பள்ளி, அலுவலகம். கூடத்துக் கணினி கடைசி. அதையும் கிறிஸ்துமஸ், உயிர்த்தெழுதல் பண்டிகைகளை ஒட்டி மாற்ற வேண்டாம். சில வாரங்கள் பழையதையும் அருகில் வைத்துக்கொண்டு, வார நாள் ஜெபக் கூட்டத்தில் புதியதை ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு பழைய கணினிகளின் வட்டுகளை முழுதாக அழியுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்படி, புதுக் கணினியைக் கொண்டுவந்து கொடுக்கும் விற்பனையாளர் பழையது ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும். வாங்கும்போதே இதைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.